குருவிக்கு ஒரு வாய்

வாயில் பச்சைப் புழு ஒன்றைக் கவ்விக்கொண்டு சிட்டுக்குருவி கிரில் கம்பியில் வந்து உட்கார்ந்தது. சைனப் அடுப்பில் பால் பொங்கக் காத்து நின்றாள்; ஏழாவது மாடி ஜன்னலுக்கு வெளியே தாராவியின் தகரக் கூரைகளும் நீலத் தார்ப்பாய்களும் அப்போதுதான் வெளுத்துக்கொண்டிருந்தன. குருவி தலையை இந்தப் பக்கம் ஒருமுறை, அந்தப் பக்கம் ஒருமுறை சாய்த்துப் பார்த்தது. பிறகு கறிவேப்பிலைச் செடிக்குப் பின்னால், மகள் சாயிமா தலைவைத்துப் படுத்திருக்கும் பக்கமாக இறங்கி மறைந்தது. பத்து எண்ணுவதற்குள் திரும்பக் கம்பிக்கு வந்துவிட்டது. வாயில் புழு இல்லை. அலகை இரும்பில் இருபுறமும் தேய்த்துத் துடைத்துக்கொண்டு பறந்துபோனது.

இதில் திடுக்கிட என்ன இருக்கிறது என்று யாரும் கேட்கலாம். சைனபும் அதைத்தான் தன்னிடமே கேட்டுக்கொண்டாள். ஆனால் இரண்டு மாதமாகப் பறவை வீடியோக்களைப் பார்த்துப் பார்த்து அவள் பாதி வாத்தியார் ஆகியிருந்தாள். குருவி தன் வயிற்றுக்கென்றால் தானியத்தைக் கொத்தித் தின்னும். புழுவைத் தின்னாமல் தூக்கிக்கொண்டு அலைந்தால் அது குஞ்சுக்கு. குஞ்சு இருக்கிறதென்றால் கூடு இருக்கவேண்டும். அவள் அட்டைப்பெட்டியில் ஓட்டை போட்டு இரண்டு கூடுகள் கட்டித் தொங்கவிட்டிருந்தாள். இரண்டிலும் இன்றுவரை ஒரு துரும்புகூட ஏறவில்லை.

பால் பொங்கி வழிந்தது. அடுப்பை அணைத்துவிட்டுப் போய்த் தொட்டிகளுக்கு நடுவில் கையைவிட்டுத் துழாவினாள். கூடு எதுவும் இல்லை. ஜன்னலை ஒட்டிய திவானில் சாயிமா மல்லாந்து படுத்திருந்தாள். கண் மூடியிருந்தது. உதடுகள் மட்டும் ஈரமாக இருந்தன.

சாயிமாவுக்கு நாலு வயது. ஜூலை மழையில் பத்து நாள் காய்ச்சலில் கிடந்தாள். காய்ச்சல் போகும்போது பசியையும் கையோடு கூட்டிக்கொண்டு போய்விட்டது. வாயைத் திறக்கவைப்பதே பெரும்பாடு. திறந்தாலும் சோற்றை மென்று மென்று கன்னத்தில் ஒதுக்கி வைத்திருந்து, அரைமணி கழித்துத் துப்பிவிடுவாள். கஞ்சி, முட்டை, நெய்ச்சோறு, ஆட்டுக்கால் சூப்பு, டப்பாவில் வரும் பொடி என்று சைனப் செய்து பார்க்காதது இல்லை. தெரிந்தவர்களும் தெரியாதவர்களும் ஆளுக்கொரு வைத்தியம் சொன்னார்கள். சயானில் இருந்த டாக்டர் வந்தனா மட்டும் பேசாமல் எடை மெஷினையே பார்த்துக்கொண்டிருந்தாள். பதினொன்றே கால் கிலோ. இது பத்தரைக்கு இறங்கினால் ஆஸ்பத்திரியில் சேர்த்து மூக்கில் குழாய் விட்டுத்தான் ஊட்ட வேண்டிவரும், அதையும் இந்த உடம்பு தாங்குமா என்று பார்க்கவேண்டும் என்று ஹிந்தியில் மெதுவாகச் சொன்னாள்.

அன்று லிஃப்ட் ஓடவில்லை. பிள்ளையை இடுப்பில் வைத்துக்கொண்டு ஏழு மாடியும் ஏறிய சைனபுக்கு மூச்சே வாங்கவில்லை. அதுதான் அவளை வீட்டு வாசலில் உட்காரவைத்து அழவைத்தது. பிள்ளைக்குக் கனமே இல்லை.

தோட்டம் பிறந்தது ஒரு கவளத்தில். செப்டம்பரில் ஒருநாள் எங்கிருந்தோ ஒரு குருவி ஜன்னலில் வந்து உட்கார, சாயிமா "உம்மா, சிடியா!" என்று வாயைப் பிளந்தாள். அந்தச் சந்தில் சைனப் ஒரு வாய் சோற்றைத் திணித்துவிட்டாள். பிள்ளை தன்னை மறந்து விழுங்கிவிட்டது. ஒரே ஒரு வாய்தான். அன்று அந்த வீட்டில் பெருநாள்.

அதன்பிறகு சைனப் சும்மா இருப்பாளா? அந்த பில்டிங்கில் ஒவ்வொரு ஜன்னலுக்கும் வெளியே ஒன்றரை அடிக்கு ஓர் இரும்புக் கூண்டு துருத்திக்கொண்டு நிற்கும். மற்றவர்கள் அதில் பழைய சூட்கேஸும் தண்ணீர் டிரம்மும் வைத்திருந்தார்கள். சைனப் காலி செய்து கழுவிவிட்டாள். தோல்பைப் பட்டறை வைத்திருந்த அவள் புருஷன் சைஃப் பெயிண்ட் டப்பாக்களை அறுத்துக்கொண்டுவந்து கொடுத்தான். தேன்சிட்டுக்குச் செம்பருத்தி. விதைக்காகப் பூக்கவிட்ட துளசி, பக்கத்து வீட்டு முத்துமாரியக்கா கொடுத்தது. முள் அடர்ந்தால் குருவிக்குத் தைரியம் வரும் என்று ஓர் எலுமிச்சை. அகலமான மண்சட்டியில் இரண்டு விரல் ஆழத்துக்குத் தண்ணீர், நடுவில் நிற்க ஒரு கூழாங்கல். கம்பு, தினை, நொய். கூட்டுக்குத் தேங்காய் நார். மருந்து மட்டும் அடிக்கவே கூடாது, இலையில் புழு விழுந்தால் சந்தோஷப்படுங்கள், குருவிக்கு அதுதான் கறி என்று வீடியோவில் ஒருவர் சிரித்துக்கொண்டே சொன்னார். எலுமிச்சையில் புழு விழுந்த அன்று சைனப் உண்மையாகவே சந்தோஷப்பட்டாள்.

வந்தன. முதலில் சிட்டுக்குருவி. மித்தி ஆற்றங்கரை மரங்களிலிருந்து கொண்டைக்குருவி, தேன்சிட்டு, மைனா. வாலைத் தூக்கித் தூக்கி ஆட்டும் கறுப்பு வெள்ளைக் குண்டுகரிச்சான். நிலத்திலிருந்து எழுபதடி உயரத்தில், தோல் நாற்றமும் சோப்பு நாற்றமும் புகையும் கலந்த காற்றில், இத்தனை வகை இருந்ததே சைனபுக்கு அதுவரை தெரியாது.

ஊட்டும்போது எல்லா உம்மாவும் சொல்வதைத்தான் அவளும் சொன்னாள். "குருவி குருவி, ஓடி வா. எங்க சாயிமா திங்கமாட்டேங்கா. அவ சோத்த நீயே தின்னுட்டுப் போ." இதைக் கேட்டால் பிள்ளைக்கு ரோஷம் வந்து வாயைத் திறக்கவேண்டும். ஊர் உலகத்துப் பிள்ளைகளுக்கெல்லாம் வருகிற ரோஷம் சாயிமாவுக்கு வரவில்லை. குருவிக்கு ஒரு வாய், சாயிமாவுக்கு ஒரு வாய் என்று ஒரே தட்டிலிருந்து பங்கு போட்டாள். குருவியின் பங்கு உடனே தீர்ந்தது. சாயிமாவின் பங்கு கன்னத்தில் ஊறிக் குழைந்து வெளியே வந்தது. சோற்றைக் குப்பையில் போட சைனபுக்குக் கை வராது. சிந்திய பருக்கையைப் பொறுக்கி வாயில் போடச் சொல்லி வளர்த்த வீடு அவளுடையது. பிள்ளை துப்பியதை உள்ளங்கையில் ஏந்தி, வழித்து, தானியத் தட்டின் ஓரத்தில் வைத்தாள். இரண்டு மாதம், மூன்று வேளையும். பறவைகள் கம்பையும் தினையையும் விட்டுவிட்டு முதலில் அதைத்தான் தின்றன.

முத்துமாரி ஒருநாள் பார்த்துவிட்டாள். "ஏட்டி சைனபு, மென்னு துப்புனதையா வைக்கே?"

"வீணாப் போவுதுலா அக்கா."

"நல்ல சோறா ஒரு கை வையேன். பச்சப்புள்ள எச்சிய ஊரு குருவிக்கெல்லாம் ஊட்டிக்கிட்டு!"

"அதுகளுக்கு என்ன தெரியப்போவுது?" என்று சைனப் சிரித்தாள்.

இப்போது, புழுவோடு வந்த குருவி போனபின், அந்தச் சிரிப்பு அவளுக்கு ஞாபகம் வந்தது. ஏன் வந்தது என்று தெரியவில்லை. அன்று முழுக்க அடிக்கடி ஜன்னலைப் பார்த்தாள். பகலில் ஒன்றும் வித்தியாசமாக இல்லை. இரண்டு குருவிகள் நொய் பொறுக்கின. ஒரு தேன்சிட்டு வந்து பூவுக்குள் தலையை விட்டது. அவள் ஜன்னல் பக்கம் நகர்ந்தால் மட்டும் எல்லாம் ஒரேநேரத்தில் சத்தத்தை நிறுத்தின. பள்ளிக்கூடத்தில் டீச்சர் உள்ளே வந்ததும் பிள்ளைகள் நிறுத்துமே, அப்படி.

அந்த வாரம் சாயிமா துப்புவதையும் நிறுத்தினாள். துப்புவதற்கு வாய்க்குள் ஏதாவது போகவேண்டுமே. சைனப் கையைக் கொண்டுபோனால் உதடு இறுகிக்கொள்ளும்; விரலால் நெம்பினாலும் திறக்காது. ஒரு நாள், இரண்டு நாள், நாலு நாள். ஆனால் பிள்ளை துவளவில்லை. திவானில் ஏறிக் குதித்தாள். ஜன்னல் விளிம்பில் குந்தி உட்கார்ந்து, முழங்காலைக் கட்டிக்கொண்டு, மணிக்கணக்கில் வெளியே பார்த்தாள். பேச்சு குறைந்துபோயிற்று. உம்மா என்று கடைசியாக எப்போது கூப்பிட்டாள் என்று சைனப் யோசித்துப் பார்த்தாள், நாள் பிடிபடவில்லை.

"புள்ள மொகம் தெளிஞ்சிட்டே! என்னத்தட்டி குடுக்கே?" என்றாள் முத்துமாரி, வராண்டாவில். சைனப் ஏதோ சொல்லி மழுப்பினாள்.

அடுத்த முறை சயானில் எடை மெஷின் பன்னிரண்டு கிலோ நூறு காட்டியது. டாக்டர் வந்தனா பிள்ளையை இறக்கி மறுபடி நிற்கவைத்துப் பார்த்தாள். அதே பன்னிரண்டு நூறு. "க்யா கிலாயா?" என்று கண்கள் விரியக் கேட்டாள். என்ன ஊட்டினாய் என்ற அந்தக் கேள்விக்கு சைனப், "நெய்ச்சோறு, முட்டை" என்று பொய் சொன்னாள். ஒரு வாரமாக இந்தப் பிள்ளை தன் கையால் ஒரு பருக்கை தின்றதில்லை என்று அந்த நாற்காலியில் உட்கார்ந்து எப்படிச் சொல்வாள்? டாக்டர் சாயிமாவின் வாயோரங்களைத் தடவிப் பார்த்தாள். இரண்டு பக்கமும் மஞ்சளாக, மெத்தென்று தடித்திருந்தது. வைட்டமின் குறைவாக இருக்கும் என்று ஒரு களிம்பு எழுதிக்கொடுத்தாள்.

களிம்பு தடவினாள். மஞ்சள் போகவில்லை. ஈரத்துணியால் தேய்த்துப் பார்த்தாள். தோலோடு தோலாக இருந்தது.

பல் துலக்கிவிடும்போது பிரஷில் ஏதோ சிக்கியது. மெல்லிசாக, மடங்கி, சின்ன ரம்பம்போல் பல் பல்லாக இருந்தது. விளக்கு வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தாள். வெட்டுக்கிளியின் கால்.

பிள்ளையின் மூச்சை மோந்து பார்த்தாள். பால்வாசனை இல்லை. ஈர இறகும் கசக்கிய இலையும் மழையில் ஊறிய மண்ணும் சேர்ந்த ஒரு வாசனை அடித்தது. சாயிமா அசையாமல் அவளையே பார்த்தாள். கண்ணை இமைக்கவில்லை.

"புள்ளைங்க மண்ணு திங்கும், சாக்பீஸ் திங்கும். பூச்சி வாயில போயிருக்கும், அதுக்கென்ன?" என்றான் சைஃப். "வெயிட் ஏறிருக்கா இல்லியா? பஸ், அது போதும். சும்மா காலிபீலி டென்ஷன் எடுக்காத."

அவன் ராத்திரி பட்டறையை அடைத்துவிட்டு வந்து, காலையில் எட்டு மணிவரை அசந்து தூங்குகிற ஆள். சைனபோ விடியுமுன்பே எழுந்துவிடுவாள். தண்ணீர் வருகிற நேரம் அது. பாத்ரூமில் குழாயைத் திறந்துவிட்டு டிரம், வாளி, குடம் என்று எல்லாம் நிரப்பி முடிக்க அரைமணி ஆகும். அந்த அரைமணி அவள் காதில் தண்ணீர்ச் சத்தம் தவிர வேறெதுவும் விழாது. கொடியில் துணியை உதறிக்கொண்டிருக்கும்போதுதான் அது அவளுக்கு உறைத்தது. அந்த வீட்டில் அவள் பார்க்காத நேரம் என்று இருந்தது அந்த அரைமணி ஒன்றுதான்.

மறுநாள் குழாயை வழக்கம்போலத் திறந்துவிட்டாள். வாளியில் தண்ணீர் கொட்டுகிற சத்தம் எழும்பியது. செருப்பைக் கழற்றிவிட்டு, வெறுங்காலோடு வந்து, சமையல்மேடையை மறைத்துத் தொங்கும் திரைக்குப் பின்னால் நின்றாள். ஜன்னலில் சாம்பல்நிற வெளிச்சம். தூரத்தில் சயான் பக்கம் முதல் லோக்கல் ரயில்களில் ஒன்று போனது. பள்ளிவாசலில் பாங்கு முடிந்து மைக் கரகரத்து அணைந்தது. கீழ்த்தளத்தில் யாரோ தொண்டையைச் செருமினார்கள். செடிகள் கறுப்பாக அசையாமல் நின்றன. காற்றே இல்லாதபோது எலுமிச்சையின் ஒரு கிளை மட்டும் அசைந்தது.

கம்பியில் ஒரு நிழல். பக்கத்தில் இன்னொன்று. பிறகு அவளால் எண்ண முடியவில்லை. குருவிகள், கொண்டைக்குருவிகள், மைனாக்கள், கரிச்சான், கடைசியில் கழுத்தைக் குறுக்கிக்கொண்டு இரண்டு காகங்கள். ஒன்றையொன்று விரட்டவில்லை, கொத்தவில்லை. சத்தமே போடவில்லை. தானியத்தட்டின் பக்கம் எதுவும் திரும்பவில்லை. வரிசையில் நின்றன. ஒவ்வொன்றின் வாயிலும் ஏதோ துடித்துக்கொண்டிருந்தது.

சாயிமா எழுந்து உட்கார்ந்தாள்.

கண் மூடியிருந்தது. இரண்டு கைகளும் விலாவோடு ஒட்டி நடுங்கின. தலை மெதுவாக அண்ணாந்தது. நாலு மாதமாக ஸ்பூனுக்கும் விரலுக்கும் கெஞ்சலுக்கும் திறக்காத வாய் திறந்தது. திறந்தது. இன்னும் திறந்தது. ஒரு குழந்தையின் வாய் அவ்வளவு திறக்காது. உள்ளே ஒரே சிவப்பு. விளிம்பில் மஞ்சள்.

முதல் குருவி கம்பிக்குள் நுழைந்து தலையை அதற்குள் விட்டது. கண்வரை விட்டது. எடுத்தது. நகர்ந்தது. அடுத்தது. விழுங்கும் சத்தம் கேட்டது. தண்ணீர்ச் சத்தத்துக்கு மேலே கேட்டது. சின்னத் தொண்டை ஏறி இறங்கியது. ஆசையாக. அவசர அவசரமாக. அடுத்தது. அடுத்தது.

சைனப் கத்தினாள். இறகுகள் வெடித்துச் சிதறின. ஒரு நொடியில் ஜன்னல் காலியானது. சாயிமா கண்ணைத் திறந்து அவளைப் பார்த்தாள். பார்த்து, சுவரோடு ஒண்டிக்கொண்டு, நாக்கை மேலண்ணத்தில் தட்டி ட்சிக் ட்சிக் ட்சிக் என்று ஒரு சத்தம் போட்டாள். பூனை வந்தால் குருவிகள் போடுகிற சத்தம். பெற்ற பிள்ளை தன்னைப் பார்த்து அப்படிச் சத்தம் போட்டது சைனபின் நெஞ்சைக் கிழித்தது.

அன்று மத்தியானத்துக்குள் தோட்டம் இல்லை. செம்பருத்தியும் துளசியும் கறிவேப்பிலையும் முத்துமாரி வீட்டுக்குப் போயின. மண்சட்டி உடைந்தது. எலுமிச்சையின் கிளைகள் கம்பிகளுக்கு வெளியே புகுந்து முறுக்கிக்கொண்டிருந்ததால் அதை மட்டும் எடுக்க முடியவில்லை. பாதி தூக்கத்தில் எழுந்து எல்லாவற்றையும் கேட்ட சைஃப் முழுதாக நம்பவில்லை, ஆனால் காகம் பிள்ளையின் கண்ணைக் கொத்திவிடும் என்ற பயம் அவனுக்கும் வந்தது. புறா வலை கட்டுகிற ஆளைக் கூட்டிவந்து கிரில் முழுக்க வலை அடித்தான்.

முதல் நாள் சாயிமா தின்னவில்லை. இரண்டாம் நாள் தண்ணீரும் இறங்கவில்லை. சைனப் பிஸ்மி சொல்லி, ஓதி ஊதி, அழுது, அதட்டி, காலைப் பிடித்துக் கெஞ்சிப் பார்த்தாள். பாலை உதட்டில் ஊற்றினால் தாடையில் வழிந்தது. பிள்ளையின் விலா எலும்புகள் ஒவ்வொன்றாக வெளியே வந்தன. கண் மட்டும் ஜன்னலைவிட்டு நகரவில்லை.

வலையில் அவை தொங்கின. விடியும்போதெல்லாம் வலைக்கண்களில் நகத்தை மாட்டிக்கொண்டு வரிசை வரிசையாக, வாயில் இரையோடு. நேரம் போனதும் இரையைக் கீழே விட்டுவிட்டுப் போயின. ஜன்னலுக்குக் கீழே நீட்டிக்கொண்டிருந்த சிமெண்ட் விளிம்பில் வெட்டுக்கிளிகளும் புழுக்களும் ஈசல்களும் குவிந்து நாறின. மூன்றாம் நாள் காலையில் எதுவும் வரவில்லை. அந்த அமைதி சைனபுக்கு இன்னும் பயமாக இருந்தது.

"போதும். நான் டாக்டர்ட்ட பேசிட்டேன். ட்யூப் போட்டா போடட்டும்," என்றான் சைஃப். அவன் குரல் உடைந்திருந்தது. "கீழ போயி டாக்ஸி கூட்டிட்டு வாறேன். புள்ளையத் துணி மாத்தி ரெடியா வையி."

"ஏங்க, அது தாங்குமாங்க? டாக்டரே சொன்னாங்கல்லா?"

அவன் அதற்குள் படியிறங்கிவிட்டான்.

துணி மாற்றத் தூக்கியபோது சாயிமாவின் தலை அவள் கையில் நிற்காமல் சாய்ந்தது. மூச்சு இருக்கிறதா என்று குனிந்து பார்க்கவேண்டியிருந்தது. இருந்தது. நூலாக ஓடியது. டாக்ஸி வந்து, ஏழு மாடி இறங்கி, சயான் ட்ராஃபிக்கில் ஊர்ந்து, வார்டில் பேப்பர் எழுதி, ஒரு குழாய் இறங்கும்வரை இது ஓடுமா? சைனபுக்கு அந்தக் கேள்விக்குப் பதில் தெரிந்துவிட்டது. அவளுக்கு அப்போது அருவருப்பும் இல்லை, பயமும் இல்லை. பிள்ளை தின்னவேண்டும். எதையாவது. யார் கையாலாவது.

கத்தியை எடுத்து வலையை மேலிருந்து கீழ்வரை கிழித்தாள்.

"வா," என்றாள் வெளியே பார்த்து. "வாங்க. வந்து குடுங்க."

அவை எதிர் பில்டிங்கின் குழாய்களிலும் தண்ணீர்த் தொட்டியின் விளிம்பிலும் உட்கார்ந்திருந்தன. அவளைப் பார்த்தன. வரவில்லை. எந்த வாயிலும் எதுவும் இல்லை.

எலுமிச்சை இலையிலிருந்து ஒரு புழுவைக் கிள்ளியெடுத்து, தன் விரலால் பிள்ளையின் உதட்டில் வைத்தாள். உதடு இறுகியது. சாயிமா அவளைப் பார்க்கவே இல்லை. அவள் தோளைத் தாண்டி, கம்பிகளைத் தாண்டி, வெளியே பார்த்தாள். வெளியிலிருந்து வருவது எதுவோ அதற்குத்தான் அந்த வாய் திறக்கும். இது சைனபுக்கு யாரும் சொல்லிப் புரியவேண்டியதாக இல்லை.

கிரில்லின் பக்கவாட்டில், தீப்பிடித்தால் வெளியேற என்று வைத்த சின்னக் கதவு ஒன்று இருந்தது. அங்கேயும் வலையைக் கிழித்து, துருப்பிடித்த பூட்டைத் திறந்தாள். தலையை விட்டாள். தோளை விட்டாள். வெறுங்கால் சிமெண்ட் விளிம்பைத் தேடித் தொட்டது. செத்த பூச்சிகள் பாதத்தின் கீழ் நொறுங்கின. கதவைச் சாத்திவிட்டு, கம்பியைக் கம்பியாகப் பிடித்துக்கொண்டு, நடுவுக்கு நகர்ந்தாள். புடவை முந்தானையைக் காற்று இழுத்தது. கீழே பார்க்கவில்லை. கீழே ஹார்ன்கள். கீழே தகரம்.

உள்ளே சாயிமா தவழ்ந்தாள். மூன்று நாளாக அசையாத பிள்ளை, திவானிலிருந்து விளிம்புக்கு, விளிம்பிலிருந்து காலிக் கூண்டுக்குள் தவழ்ந்து வந்து, கம்பிகளுக்கு நடுவே முகத்தை வைத்தாள். அவளைப் பார்த்தாள். அந்த மூன்று நாளில் முதல்முறையாக, தன் உம்மாவைப் பார்த்தாள்.

இரண்டு கையும் கம்பியில். ஒன்றை எடுத்தால் விழுவாள். வெளியே நீண்டிருந்த எலுமிச்சைக் கிளையில் ஒரு புழு, கொழுத்தது, பச்சை. சைனப் கழுத்தை நீட்டி அதை உதடுகளால் கவ்வினாள். குளிர்ச்சி. நெளிவு. பயத்தில் அது தலையிலிருந்து ஆரஞ்சுநிறக் கொம்புகள் இரண்டைப் பிதுக்கியது; அழுகிய எலுமிச்சையின் நாற்றம் மூக்கை நிறைத்தது. அவள் பல்லைக் கடிக்கவில்லை. நசுங்கிவிடக் கூடாது.

முகத்தைக் கம்பியிடம் கொண்டுபோனாள். சாயிமாவின் கண் மூடியது. தலை அண்ணாந்தது. வாய் திறந்தது. எத்தனை கெஞ்சல், எத்தனை தவம், எத்தனை துஆ. சைனபுக்குக் கண்ணீர் பொங்கியது. சந்தோஷம், வேறொன்றுமில்லை. சிவப்புக்குள் தலையைக் குனிந்து, ஆழத்தில் வைத்தாள். விழுங்கியது. சின்னத் தொண்டை ஏறி இறங்கியது. திரும்பத் திறந்தது. சைனப் அடுத்த புழுவுக்குக் கழுத்தை நீட்டினாள்.

இறகுகள் அடிக்கிற சத்தம். சிமெண்ட் விளிம்பில் அவளுக்கு இந்தப் பக்கமும் அந்தப் பக்கமும் அவை ஒவ்வொன்றாக வந்து இறங்கின. ஒரு காகம் சற்று நகர்ந்து அவள் காலுக்கு இடம் விட்டது.

கதவு திறந்தது. மூச்சிரைக்க சைஃபின் குரல். "சைனபு! டாக்ஸி வந்துட்டு! எங்க இருக்கே? சைனபு!"

அவளால் பதில் சொல்ல முடியவில்லை. அவள் வாய் ஒழிந்திருக்கவில்லை.